பருவநிலைப் பாடப் பெட்டி: பனிக்கட்டிச் சோதனை அருமை, பாட்டில் சோதனை திருத்தப்பட வேண்டும்

திருவாரூர் அருகே ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கும் எனக்கு, எங்கள் பள்ளி வாங்கிய இந்தப் பெட்டியில் மிகவும் பிடித்தது பனிக்கட்டிச் சோதனைதான். ஒரு கிண்ணத்தில் பனிக்கட்டி நீரில் மிதக்கிறது. மற்றொன்றில் நீருக்கு மேல் துருத்திய கல்லின் மீது இருக்கிறது. முதலாவது உருகியும் நீர்மட்டம் உயரவில்லை. இரண்டாவதில் நாங்கள் போட்ட மைக்கோடு மூழ்கியது. கிரீன்லாந்தின் நிலப்பனி கரைந்தால் வேதாரண்யத்தில் கடல் ஏன் ஏறும் என்பதைப் பிறகு மாணவர்களே விளக்கினார்கள்.

பாட்டில் சோதனையை ஏற்க இயலவில்லை. சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்து உண்டாக்கிய கார்பன் டை ஆக்சைடு நிரம்பிய பாட்டில், விளக்கின் கீழ் அதிகம் சூடாவது உண்மையே. ஆனால் அதற்குப் பெரும் காரணம், அவ்வாயு காற்றைவிட அடர்த்தியானதால் வெப்பச்சலனம் குறைவதே தவிர, கையேடு கூறுவதுபோல் அது அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சுவதன்று. வளிமண்டலத்தில் அந்த உறிஞ்சுதல்தான் முதன்மையானது என்பதால், இந்தப் பிழை சிறியதல்ல.

ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா ஆய்வகத்தில் 1958 முதல் எடுக்கப்படும் கார்பன் டை ஆக்சைடு அளவீடுகளின் வரைபடம் தெளிவாக உள்ளது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த அவ்வாயு, 1958இல் சுமார் 315ஆக இருந்து இன்று 420ஐத் தாண்டியதை அதில் விரல் வைத்துக் காட்டலாம்.

நீர் தேங்கிய நெல்வயலில் மீத்தேன் உருவாவதும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அது குறைவதும் கையேட்டில் இல்லை. டெல்டா மாணவர்களுக்கு அதுவே முதல் பாடமாக இருந்திருக்க வேண்டும். இக்குறைகளை ஆசிரியர் ஈடுசெய்ய முடியுமானால், பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம்.