டிஎக்ஸ் வேகனுக்கு எந்த எஞ்சின்: 4கே, 5கே, 2சி

எங்கள் வீட்டு டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் வேகன் இரண்டு வருடத்துக்கு முன் எண்ணெய் குடிக்கத் தொடங்கியது. திருகோணமலை உப்புவெளியிலிருந்து அனுராதபுரச் சந்திக்குப் போய் வருவதற்குள் பின்னால் நீலப்புகை. கியர்பொக்ஸ் மட்டும் சத்தமில்லாமல் நன்றாக இருந்தது. முன்னால் மூன்று வழிகள். வண்டியில் ஏற்கெனவே இருந்த அதே 4கே எஞ்சினைத் தேடிப் போடலாம், லைட்ஏஸ் வானின் 5கே எஞ்சினை ஏற்றலாம், அல்லது அதே வகை வானில் வரும் 2சி டீசலை அதன் கியர்பொக்ஸோடு சேர்த்து இறக்கலாம். நான் 5கே போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

4கே பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கழற்றிய இடத்தில் அப்படியே உட்காரும், வாகனப் பதிவுப் புத்தகத்திலும் எஞ்சின் இலக்கம் மட்டும்தான் மாறும். வண்டியைப் பழைய நிலையிலேயே காக்க நினைப்பவருக்கு இதுவே சரி. ஆனால் சந்தையில் கிடைக்கும் 4கே பெரும்பாலும் நம்முடையதைப் போலவே தேய்ந்தது. சிலிண்டரைக் கடைந்து போரிங் செய்யும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும்.

டீசலுக்கு ஆசைப்படுகிறவர்கள் எரிபொருள் செலவைத்தான் சொல்வார்கள், அது நியாயமும்தான். சிக்கல் கியர்பொக்ஸில். 2சி எஞ்சினின் பின்முகம் கே வகை பெல் ஹவுசிங்கோடு (எஞ்சினோடு சேரும் கியர்பொக்ஸின் முன்கூடு) சேராது. ஆகவே அதன் கியர்பொக்ஸையே எடுக்கவேண்டும். வானில் ஓட்டுநர் எஞ்சினுக்கு மேலே இருப்பதால் அந்தக் கியர் தடி தூரத்திலிருந்து கம்பி இணைப்புகளால் இயங்குவது. காரில் தடி நேரே கியர்பொக்ஸின் மேலேயே நிற்கும். அதை மாற்றினாலும் பின்சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பெலர் ஷாஃப்ட்டின் நீளம், அதன் நுனியின் பற்கள், கியர்பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ஸ்பீடோமீற்றர் கேபிள் என்று வேலை நீளும். கடற்காற்றில் நின்ற எங்கள் வண்டியின் அடித்தகட்டில் புதிதாக வெல்டிங் வைக்க எனக்கு மனம் வரவில்லை. 2சியின் சிலிண்டர்களை மூடும் அலுமினிய ஹெட் சூடு தாங்காமல் வெடிக்கக்கூடியது, கச்சான் என்னும் வெப்பக்காற்று வீசும் மாதங்களில் ரேடியேற்றர் சிறிது அடைத்தாலும் ஆபத்து. நானே டீசல் ஓட்டியவன் இல்லை. நண்பர் ஒருவரின் வண்டியைப் பார்த்துச் சொல்கிறேன்.

5கே வேறு கதை. 4கேயும் 5கேயும் ஒரே குடும்பம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் இரண்டிலும் 73 மில்லிமீற்றர், சிலிண்டர் விட்டம்தான் 75 இலிருந்து 80.5 ஆகிறது. அதனால் 1290 சிசி 1486 ஆகிவிடுகிறது. டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலிதான். வானிலிருந்து வந்த எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி காரின் குறுக்குச் சட்டத்தில் இடித்தது, எங்கள் பழைய தொட்டியையும் உறிஞ்சும் குழாயையும் மாற்றிப் போட்டோம். எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டுகளும் பழையவையே.

ஆனால் போல்ட் துளைகள் சரியாக வந்ததை நம்பித்தான் முதலில் ஏமாந்தேன். நான் முதலில் கொடுத்த கராஜில் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் சேர்க்கும்போது ஒரு விரல் அகலம் மூடாமல் நின்றது. போல்ட்டை இறுக்கி இழுத்தார்கள். டக்கென்று ஒரு சத்தம், பெல் ஹவுசிங்கின் காது ஒன்று விண்டுவிட்டது. புதிதாக வாங்கிவந்த கிளச் தட்டின் உள்பற்கள் எங்கள் கியர்பொக்ஸ் ஷாஃப்ட்டுக்குரியவை அல்ல, அதனால்தான் மூடவில்லை.

பிறகு கிண்ணியாவில் வேலை செய்யும் நானா ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் எஞ்சினைத் தூக்கவே இல்லை. முதலில் கிளச் தட்டைக் கையிலெடுத்து கியர்பொக்ஸ் ஷாஃப்ட்டில் செருகி ஒரு விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். "தம்பி, இது தன்னால வழுக்கோணும். வழுக்காட்டி ஒண்ணையும் பூட்டாதீங்க" என்றார். அதன் பிறகு வேர்னியரை எடுத்து ஷாஃப்ட் மூக்கின் தடிப்பையும், அந்த மூக்கு போய் உட்காரும், எஞ்சினின் கிராங்க் முனையிலுள்ள புஷ்ஷின் துளையையும் அளந்தார். எஞ்சினின் பின்னால் சுற்றும் கனத்த சக்கரமான பிளைவீல் எஞ்சினோடு போகவேண்டியது, கிளச் தட்டின் பற்கள் கியர்பொக்ஸோடு போகவேண்டியது, கிளச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் பிளைவீலோடு போகவேண்டியது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்தது ஸ்ரார்ட்டர். அதன் பற்கள் பிளைவீல் வளையத்தில் சரியாகக் கடிக்கிறதா என்று கியர்பொக்ஸைப் பூட்டியதும் கையால் சுற்றியே பார்த்துவிடலாம்.

ஒன்றரை வருடமாக ஓடுகிறது. ஆட்களை நிறைத்துக்கொண்டு போகும்போது முன்பு மூன்றாம் கியருக்கு இறங்கிய இடங்களில் இப்போது நாலிலேயே இழுக்கிறது. கூடுதல் இழுவையை அந்தப் பழைய கியர்பொக்ஸ் பத்து வருடம் தாங்குமா என்பதை ஓடித்தான் பார்க்கவேண்டும்.

விற்கும் எண்ணம் இருந்தால் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தோடு கொள்ளளவையும் திருத்திக்கொள்ளுங்கள். டீசலென்றால் எரிபொருள் வகையும் சேரும். எஞ்சின் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். எஞ்சின் பார்க்க கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் பழைய கிளச் தட்டையும், ஷாஃப்ட் மூக்கின் அளவு எழுதிய துண்டையும் கையோடு எடுத்துப் போங்கள். பிழையான தட்டை மாற்றுவதற்கென்று திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இன்னொரு முறை பஸ் ஏறினவன் சொல்கிறேன்.