கிளாம்ப் மீட்டர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எலெக்ட்ரீஷியன்கள் டாங் டெஸ்டர் என்று சொல்லும் கிளாம்ப் மீட்டரைச் சில வருடங்களாக வீட்டில் வைத்துப் பயன்படுத்தி வருகிறேன். வோல்ட்டையும் ஆம்பையும் அளந்துவிட்டால் வாட்ஸும் ஓமும் கணக்கில் வந்துவிடும். பெருக்கினால் வாட்ஸ், வோல்ட்டை ஆம்பால் வகுத்தால் ஓம். வகுக்கும் கணக்கு பள்ளியில் படித்த ஓம் விதிதான். ஆனால் எந்தச் சாதனத்தில் இந்தக் கணக்கை நம்பலாம், எதில் நம்பக்கூடாது என்பது கையில் மீட்டரோடு பழகித்தான் எனக்குப் புரிந்தது.

முதலில் அளக்கும் முறை. ஒயரை அறுக்காமல், அதைச் சுற்றிக் கவ்வி ஆம்ப் பார்ப்பதுதான் இந்த மீட்டரின் சௌகரியம். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும், ஏனென்றால் போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். அதனால் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்று ஒயரும் தனித்தனியாகத் தெரியும்படி ஒரு குட்டை எக்ஸ்டென்ஷன் ஒயரை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்து வைத்திருக்கிறேன். மேலுறை மட்டும்தான் நீக்கியிருக்கும், உள்ளே ஒவ்வொரு ஒயரின் இன்சுலேஷனும் அப்படியே இருக்கும். ஆம்ப் குறைவாக இருந்தால் ஃபேஸ் ஒயரைக் கிளாம்புக்குள் பத்துச் சுற்று சுற்றி, வருகிற எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

இது அதிகம் பயன்பட்டது கீசரில்தான். 2000 வாட்ஸ், 230 வோல்ட் என்று போட்டிருக்கும் கீசர் 8.7 ஆம்ப் எடுக்க வேண்டும். காயிலின் மின்தடை சுமார் 26.5 ஓம். சூடானாலும் அந்தக் காயிலின் ஓம் பெரிதாக மாறாது, எனவே வோல்ட் குறைந்தால் ஆம்பும் குறையும், வாட்ஸ் இரண்டு மடங்கு வேகத்தில் சரியும். 180 வோல்ட்டில் ஆம்ப் 6.8, வாட்ஸ் வெறும் 1225! 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர 13 நிமிடம் போதும் என்ற இடத்தில் 21 நிமிடம் ஆகும். கீசர் போய்விட்டது என்று காயில் மாற்றக் கிளம்புவதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். வகுத்தால் அதே 26 ஓம் வருகிறதா? காயில் நன்றாகத்தான் இருக்கிறது, சப்ளையைப் பார்க்க வேண்டும். வோல்ட்டும் ஆம்பும் சரியாக இருந்து தண்ணீர் மட்டும் சூடாகவில்லை என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அடுத்தது ஒயரிங். மெயின் போர்டில் ஒரு வோல்ட், கீசர் ஓடும்போது அதன் பிளக் பாயின்ட்டில் ஒரு வோல்ட் எடுத்தால், இடையில் தொலைந்தது தெரியும். 20 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் போட்டிருந்தால், போகவர 40 மீட்டருக்கு ஏறத்தாழ 0.78 ஓம். 8.7 ஆம்புக்கு 6.8 வோல்ட் குறையும், 59 வாட்ஸ் சுவருக்குள்ளேயே வெப்பமாகும். 2.5 ஒயர் என்றால் அது 24 வாட்ஸ்தான். கணக்கில் வருவதைவிட அதிகமாகக் குறைந்தால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. அதைத் தள்ளிப்போடவே கூடாது.

மோட்டாருக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. ஒரு ஹெச்பி கிணற்று மோட்டார் 230 வோல்ட்டில் 7 ஆம்ப் காட்டினால் பெருக்கி 1610 வாட்ஸ் என்று எழுதிவிடாதீர்கள். அது வோல்ட்-ஆம்பியர். பவர் ஃபேக்டர், அதாவது அதில் உண்மையான வாட்ஸாகும் பங்கு, 0.75 என்றால் வாட்ஸ் 1200 அளவில்தான், வீட்டு ஈபி மீட்டரில் யூனிட் ஓடுவதும் அதற்குத்தான். அதேபோல் 230-ஐ 7-ஆல் வகுத்து வரும் 33 ஓம் வைண்டிங்கின் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின்) மின்தடை ஆகாது. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓமில் அளந்தால் அதைவிட மிகக் குறைவாகத்தான் காட்டும். இன்னொன்று, வோல்ட் குறைந்தால் கீசரில் ஆம்ப் இறங்கும், லோடில் ஓடும் மோட்டாரில் ஏறும். மோட்டார் கருகுவது பெரும்பாலும் அப்படித்தான். கோடையில் லோ வோல்டேஜ் வரும்போது மோட்டார் ஆம்பைப் பார்த்துவிட்டு ஓடவிடுவது நல்ல பழக்கம்.

எல்இடி பல்பு, சார்ஜர் போன்றவற்றுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆம்ப் மிகச் சிறியது, மின்னோட்டத்தின் அலை வடிவமும் ஒழுங்காக இருக்காது. பிளக்கில் செருகும் வாட் மீட்டர் பவர் ஃபேக்டரையும் சேர்த்துக் காட்டிவிடும்.

மீட்டரின் உடம்பு இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. ப்ரோப் ஒயர்கள்தான் பிடிக்கருகே விறைத்துப்போய், புதிது வாங்க வேண்டியிருந்தது. பேட்டரி தீரும் அடையாளம் திரையில் வந்தால் அப்புறம் அளவை நம்பக்கூடாது. வாங்குபவர்கள் ட்ரூ ஆர்எம்எஸ் (அலை ஒழுங்காக இல்லாவிட்டாலும் சரியாக அளக்கும் வசதி) உள்ளதாகவும், மெயின் போர்டில் அளப்பதற்கான பாதுகாப்புத் தரமான கேட் 3 (CAT III) என்று குறிக்கப்பட்டதாகவும் பார்த்து வாங்குங்கள். சோலார் பேனலோ பேட்டரியோ அளக்க வேண்டுமென்றால் டிசி ஆம்பும் காட்டுகிறதா என்று கேளுங்கள், விலை குறைந்த பலவற்றில் ஏசி மட்டும்தான். ஓம் அளக்கும்போது மட்டும் பிளக்கைக் கட்டாயம் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது.