மொழியும் விசைப்பலகையும்: ஒரே திரையா, தனித்தனித் திரையா?

இயங்குதளத்தை நிறுவும்போது மொழியைத் தேர்ந்தவுடன் விசைப்பலகை அமைப்பையும் நிறுவும் மென்பொருளே (நிறுவி) முடிவுசெய்துவிடுவது ஒரு வழி. மொழிக்கு ஒரு திரை, விசைப்பலகைக்கு இன்னொன்று என்று பிரித்துக் கேட்பது மற்றொரு வழி. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிறுவி இப்படித்தான் கேட்கிறது.

முதல் வழியில் வேகம் உண்டு. ஜெர்மன் என்றால் குவெர்ட்ஸ் (QWERTZ), பிரெஞ்சு என்றால் அசெர்ட்டி (AZERTY) விசையமைப்பு என்ற ஊகம் பெரும்பாலும் பலிக்கும். ஆனால் பிரெஞ்சைத் தேர்ந்தவரிடம் இருப்பது அமெரிக்க விசைப்பலகை என்றால்? அவர் அழுத்தும் ஏ, கியூவாகப் பதியும். கடவுச்சொல் கட்டத்தில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் பிழை கண்ணில் படாது. இரண்டாம் முறை தட்டச் சொன்னாலும் அதே பிழை மறுபடி பதிந்து, சரிபார்ப்பைத் தாண்டிவிடும். வட்டைக் கடவுச்சொல்லால் பூட்டி மறையாக்கம் செய்திருந்தால், பிறகு விசையமைப்பை மாற்றியதும் கடவுச்சொல் ஏற்கப்படாது.

தமிழுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். தமிழ் எழுத்துகளுக்கான தமிழ்99 விசையமைப்பை மட்டும் கொடுத்தால், லத்தீன் எழுத்தில் கேட்கப்படும் பயனர்பெயரை எப்படித் தட்டுவது? தமிழ் இடைமுகம் கேட்பவர் எல்லோரும் தமிழ்99 பழகியவர்களும் இல்லை. தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டும் ஒலிபெயர்ப்பு முறையைப் பயன்படுத்துபவர்கள் ஏராளம். ஆங்கில அமைப்பும் கூடவே இருக்க வேண்டும், மாற்றும் குறுக்குவிசை திரையிலேயே தெரிய வேண்டும்.

அதனால் என் தேர்வு தனித்தனித் திரைதான். ஊகத்தைக் கைவிட வேண்டியதில்லை. இரண்டாம் திரையில் அது முன்தேர்வாக இருக்கட்டும், கீழே தட்டிப் பார்க்க ஒரு பெட்டியும் இருக்கட்டும். சரியாக இருந்தால் ஒரு என்டர், அவ்வளவே. மொழிப் பட்டியலில் ஒவ்வொரு பெயரும் அதனதன் எழுத்திலேயே இருக்க வேண்டும் என்பது இரண்டு வழிக்கும் பொது.