கடைசிப் பாகத்தை முதலில் கேளுங்கள்

அமெரிக்கா விடுதலை அறிவித்த காலத்து மாநில ஆளுநர்களைப் பற்றிய ஒரு ஆடியோ தொடரைக் காசு கொடுத்து வாங்கி, மூன்று வாரம் நடைப்பயிற்சியில் கேட்டு முடித்தேன். குறை நிறைய சொல்லப் போகிறேன், அதனால் தொடரின் பெயர் வேண்டாம்.

முதல் இரண்டு பாகம் கேட்டதும் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்றிருந்தது. பிறந்தார், படித்தார், ஆளுநரானார், இறந்தார், எல்லாருக்கும் ஒரே அச்சு. மாசசூசெட்ஸின் ஜான் ஹான்காக் மாதிரி ஒரு ஆள் கிடைத்துமா இப்படி? 1789இல் ஜனாதிபதி வாஷிங்டன் பாஸ்டனுக்கு வந்தபோது, யார் யாரை முதலில் போய்ப் பார்ப்பது என்று முறுக்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்தவர், வாஷிங்டன் அசைந்து கொடுக்கவில்லை என்றதும் மறுநாள் வாதம் பிடித்த காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஆட்கள் தூக்கிவர, அவர் தங்கியிருந்த இடத்துக்கே போனார். தொடரில் இதற்கு ஒரே வரி.

ஆனால் வட கரோலினாவின் தாமஸ் பர்க் வரும் பாகத்தை இரண்டு முறை கேட்டேன். 1781 செப்டம்பரில் ஹில்ஸ்பரோ ஊருக்குள் பிரிட்டிஷ் ஆதரவுப் படை புகுந்து பதவியில் இருக்கும் ஆளுநரையே பிடித்துக்கொண்டு போகிறது. தப்பிக்க மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு சார்ல்ஸ்டன் பக்கம் ஜேம்ஸ் தீவில் விடுகிறார்கள். அங்கே உயிருக்கே ஆபத்து என்று தோன்ற, வாக்கை மீறி ஓடிவந்து மறுபடி ஆளுநர் நாற்காலியில் உட்காருகிறார். உயிர் முக்கியமா, கொடுத்த வாக்கு முக்கியமா என்று அவர் ஆட்களே அவரைக் கேள்வி கேட்டார்கள். இங்கே மட்டும் குரல் கொடுத்தவர் அவசரப்படவில்லை.

நியூயார்க்கின் ஜார்ஜ் கிளின்டன் பாகமும் சுமார் ரகமில்லை. மொத்தம் 21 வருடம் ஆளுநர். 1792 தேர்தலில் ஜான் ஜேயை வெறும் 108 வாக்கில் ஜெயித்தார், அதுவும் ஆட்ஸிகோ உள்பட மூன்று மாவட்டங்களின் வாக்குகளை எண்ணாமலே தள்ளிவிட்டதால். ஆட்ஸிகோ பெட்டியைக் கொடுத்தனுப்பிய ஷெரிஃபின் பதவிக்காலம் முடிந்துவிட்டதாம், அதனால் செல்லாதாம்! தள்ளிய குழுவில் பெரும்பான்மை கிளின்டன் ஆட்கள்தான் என்பதைத் தொடர் மழுப்பாமல் சொல்கிறது.

என் பெரிய கோபம் வேறு. இந்த ஆளுநர்களில் பலருக்கு அதிகாரமே கிடையாது. வர்ஜீனியாவின் 1776 அரசியலமைப்புப்படி சட்டமன்றம் வருடா வருடம் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும், தொடர்ந்து மூன்று வருடத்துக்கு மேல் இருக்க முடியாது, எதற்கும் எட்டுப் பேர் கொண்ட ஆலோசனைக் குழுவைக் கேட்க வேண்டும், சட்டத்தைத் தடுக்கும் உரிமையும் இல்லை. முன்பு பிரிட்டிஷ் மன்னர் நியமித்த ஆளுநர்களிடம் பட்ட சூடு. இதைக் கடைசிப் பாகத்தில் போய் விளக்குகிறார்கள்! அதற்கு முன்பே வர்ஜீனியா ஆளுநராக இருந்த ஜெஃபர்சன் 1781 ஜூனில் பிரிட்டிஷ் படை வர, மான்டிசெல்லோ என்ற தன் வீட்டிலிருந்து தப்பி ஓடும் கதை வந்துவிடுகிறது. பின்னணி தெரியாமல் கேட்டால் மனிதர் வெறும் கோழையாகத்தான் தெரிவார். சட்டமன்றமே விசாரணை என்று கிளப்பி, டிசம்பரில் நன்றித் தீர்மானம் போட்டது. அதுவும் தொடரில் இல்லை.

அப்புறம், வர்ஜீனியாவின் இன்னொரு ஆளுநர் பேட்ரிக் ஹென்றி, ஜெஃபர்சன், கிளின்டன் எல்லாரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். இதற்கு மொத்தத் தொடரிலும் அரை நிமிடம்.

ஐந்துக்கு மூன்று. வாங்கினால் கடைசிப் பாகம், பர்க், கிளின்டன் என்ற வரிசையில் கேளுங்கள். ஹான்காக் பாகத்தைத் தாண்டிவிடலாம், கதையை நானே சொல்லிவிட்டேன்.