ப்ரொஃபைல் மீது பழி போடும் முன்: மும்பையில் சொந்த பிரிண்டர் ப்ரொஃபைல்களோடு சில ஆண்டுகள்

மாட்டுங்காவில் திருமணம், அறுபதாம் கல்யாணம், அரங்கேற்றம் ஆகியவற்றின் படங்களை அச்சிட்டுத் தரும் எங்கள் சிறிய ஸ்டுடியோவில், ஆறு நிற இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்றுக்கும் அதில் வழக்கமாகப் போடும் சில வகைத் தாள்களுக்கும் நிற ப்ரொஃபைல்களைப் பல ஆண்டுகளாக நானே தயாரித்துக்கொள்கிறேன். அளக்கும் கருவி கலர்மங்கி ஃபோட்டோ. மென்பொருள், கிரேம் கில் எழுதி இலவசமாக வழங்கும் ஆர்கில் சிஎம்எஸ். இந்த இணை இன்றும் எனக்குப் போதுமானதாகவே இருக்கிறது. ஆனால் நிறம் பிசகும்போதெல்லாம் முதலில் சந்தேகிக்கப்படும் ப்ரொஃபைல், பெரும்பாலும் குற்றமற்றது என்பதே இத்தனை காலப் பயன்பாட்டில் நான் கண்டது.

1993இல் தொடங்கப்பட்ட சர்வதேச நிறக் கூட்டமைப்பு, அதாவது ஐசிசி, வகுத்த முறையில் ஒரு பிரிண்டர் ப்ரொஃபைல் செய்வது ஒன்றே ஒன்றுதான்: குறிப்பிட்ட இங்க், குறிப்பிட்ட தாள், டிரைவரின் (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் நிரலின்) குறிப்பிட்ட அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து, சார்ட் (அளப்பதற்காக அச்சிடும், நிறக் கட்டங்கள் கொண்ட தாள்) அச்சான வேளையில் எந்த எண்ணுக்கு எந்த நிறத்தைத் தந்தன என்று பதிந்துவைப்பது. அந்த மூன்றில் ஒன்று பின்னர் மாறினாலும் ப்ரொஃபைலுக்கு அது தெரியாது. ஆகவே நான் பழுது தேடும்போது ப்ரொஃபைலைத் திறந்து பார்ப்பதில்லை. சார்ட் அச்சான நிலைக்கும் படம் அச்சாகும் நிலைக்கும் இடையில் என்ன மாறியது என்பதையே தேடுகிறேன்.

எங்கள் வாடிக்கையாளரான ஒரு மாமி, மகள் திருமண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "இது எங்காத்து அரக்குப் புடவை மாதிரியே இல்லையேப்பா, செங்கல் கலரான்னா இருக்கு" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அதே ப்ரொஃபைலில் முந்தைய வாரம் அச்சான படங்களில் அரக்கு அரக்காகவே இருந்தது. இங்க் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் தாளை அச்சிட்டுப் பார்த்தபோது, மெஜந்தா கட்டத்தின் கோடுகளில் நடுநடுவே இடைவெளிகள் தெரிந்தன. மெஜந்தா குறைந்தால் அரக்கின் ஆழம் போய் மஞ்சள் மேலோங்கும். அந்தத் துளைகளைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை ஒருமுறை ஓட்டியதும் கோடுகள் முழுமையாயின, புடவையும் மீண்டது. இதே அடைப்பு சார்ட்டை அச்சிடும் நாளில் இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். குறைவான மெஜந்தாவையே பிரிண்டரின் இயல்பு என்று ப்ரொஃபைல் நம்பிக்கொண்டு, அதை ஈடுகட்டக் கூடுதல் மெஜந்தாவைக் கேட்கும்; அடைப்பு நீங்கிய பிறகு எல்லா முகங்களும் சிவந்து போகும். எனவே ஒவ்வொரு சார்ட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு நாசில் செக் அச்சிட்டு, அவற்றைச் சார்ட்டோடு சேர்த்தே கோப்பில் வைக்கிறேன்.

இரட்டை நிற மேலாண்மைதான் அடுத்த பெரிய வில்லன். ஃபோட்டோஷாப் ஒருமுறை ப்ரொஃபைலைக் கொண்டு நிறத்தை மாற்றி அனுப்ப, டிரைவரும் தன் பங்குக்கு ஒருமுறை திருத்தினால், படம் இருண்டு, அழுத்தமான மெஜந்தா சாயலோடு வெளிவரும். இதற்கு நேர்மாறாக இருவருமே திருத்தாமல் விட்டால் படம் சோபையிழந்து காணப்படும். இவ்விரண்டையும் சில படங்களில் பார்த்துப் பழகிவிட்டால், அச்சைக் கையில் எடுத்தவுடனேயே இது எந்த வகைக் கோளாறு என்று கண்டுகொள்ள முடியும். படம் அச்சிடும்போது ஃபோட்டோஷாப்பில் நிறத்தை அதுவே கையாளும்படியும், டிரைவரில் நிறத் திருத்தம் கூடாது என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த டிரைவர் அமைப்பை ஒரு பெயரிட்டுச் சேமித்து வைத்துக்கொண்டால், அவசர வேலைகளுக்கு நடுவே அது தானாக மாறிப்போகும் தொல்லை இராது.

சார்ட்டை அச்சிடுவதில் இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. சார்ட்டின் எண்கள் எந்தத் திருத்தமும் இல்லாமல் அப்படியே பிரிண்டருக்குப் போய்ச் சேர வேண்டும். ஃபோட்டோஷாப்பில் முன்பு இதற்கென்றே இருந்த, நிற மேலாண்மை வேண்டாம் என்ற தேர்வு, 2010இல் வந்த சிஎஸ்5 பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாக அடோபி வெளியிட்ட கலர் பிரிண்டர் யுட்டிலிட்டி என்ற சிறு நிரலையே நான் பயன்படுத்துகிறேன். அதில் சார்ட்டைத் திறந்து, அளவை மாற்றாமல் அச்சிட்டால் போதும். வேறு ஏதாவது படம் பார்க்கும் நிரலிலிருந்து சார்ட்டை அச்சிட்டுவிட்டு, வரும் ப்ரொஃபைல் விசித்திரமாக இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கும்போது, எனக்கு முதலில் சந்தேகம் வருவது இந்த இடத்தில்தான்.

டிரைவரில் தேர்ந்தெடுக்கும் தாள் வகையும் அலங்காரத்துக்கான பெயரன்று. எவ்வளவு இங்க்கைக் கொட்டுவது என்பதை நிர்ணயிப்பதே அதுதான். நாம் வாங்கும் தாள் அந்தப் பட்டியலில் இல்லாதபோது, ஒரே சோதனைப் படத்தை இரண்டு மூன்று தாள் வகைகளில் அச்சிட்டு ஒப்பிடுவது நல்லது. இங்க் தேங்கித் திட்டுத்திட்டாக நின்றாலோ, அடர் நிறங்கள் ஒரு கட்டத்துக்கு மேல் ஆழமாகாமல் ஒன்றாகக் கலந்துவிட்டாலோ, அந்தத் தாளுக்கு இங்க் மிகுதி என்று பொருள். இந்தத் தேர்வை முடித்த பிறகே சார்ட்டுக்குப் போக வேண்டும், ஏனெனில் தாள் வகையைப் பின்னர் மாற்றினால் ப்ரொஃபைல் பயனற்றதாகிவிடும்.

மும்பைக்கே உரிய தொல்லை மழைக்காலம். ஜூலை, ஆகஸ்டில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சாதாரணமாகத் தாண்டும் ஊரில், டை இங்க் (கரைந்த சாயத்தாலான இங்க்) கொண்டு அச்சிட்ட தாள் தொட்டுப் பார்த்தால் உலர்ந்தது போலிருக்கும், ஆனால் நிறம் இன்னும் அடங்கியிருக்காது. அச்சிட்ட சில நிமிடங்களில் அளந்த சார்ட்டுக்கும் அதே சார்ட்டை மறுநாள் அளந்ததற்கும் இடையே, குறிப்பாக அடர் சிவப்பு, நீலக் கட்டங்களில், கண்ணுக்கே புலப்படும் வேறுபாடு இருந்தது. கலர்மங்கியோடு வரும் மென்பொருள், 50 கட்டங்கள் கொண்ட சார்ட்டை அச்சிட்டு, சிறிது நேரம் உலரவிட்டு அளந்து, அதன் அடிப்படையில் இன்னொரு 50 கட்டங்களை அச்சிடச் சொல்கிறது. உலர்ந்த வானிலையில் அந்த அவகாசம் போதலாம், நம் ஆடி மாதத்துக்குப் போதாது. நான் ஏசி ஓடும் அறையில், காற்றுப்படும்படி தாளைப் பரப்பி, முழுநாள் விட்டே அளக்கிறேன். தாள் பாக்கெட்டுகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைப்பதும் வேண்டும். ஈரம் குடித்த தாள் இங்க்கை வேறு விதமாக உறிஞ்சும்.

கலர்மங்கியைப் பற்றி இரண்டு குறைகள் சொல்ல வேண்டும். விண்டோஸில் ஆர்கில் அதைக் கையாளத் தனி டிரைவர் தேவைப்படுகிறது, அதை நிறுவினால் கருவியோடு வந்த மென்பொருளுக்குக் கருவி தெரியாது. இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துவோருக்கு இது எரிச்சல். இரண்டாவது, கருவியைக் கையால் வரிசை வரிசையாக இழுக்கும்போது அது பக்கவாட்டில் விலகினால் பக்கத்து வரிசையின் நிறமும் சேர்ந்து பதிவாகிவிடும். தடித்த அட்டையில் ஒரு விளிம்பை வெட்டி, அதை ஒட்டியே இழுத்த பிறகு இந்தப் பிரச்சினை ஏறக்குறைய நின்றுவிட்டது. தாளுக்கு அடியில் வெள்ளைத் தாள்கள் சிலவற்றை வைப்பதும் அவசியம், மேசையின் நிறம் மெல்லிய தாளின் வழியே ஊடுருவும். அளந்து ப்ரொஃபைலை உருவாக்கியதும் ஆர்கிலின் ப்ரொஃப்செக் கட்டளை ஒவ்வொரு கட்டத்துக்கும் ப்ரொஃபைல் கணித்த நிறத்துக்கும் அளந்த நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டை டெல்டா இ என்ற எண்ணாகக் காட்டுகிறது. சராசரியைவிட, மிக மோசமான கட்டங்கள் எங்கே இருக்கின்றன என்பதே கவனிக்க வேண்டியது. அவை ஒரே வரிசையில் குவிந்திருந்தால் அது அளவீட்டுப் பிழை. அந்த வரிசையை மட்டும் திரும்ப அளந்தால் சரியாகும்.

பளிச்சென்ற வெள்ளைத் தாள்கள் தனிக்கதை. அவற்றில் கலந்திருக்கும் ஒளிர்வூக்கிகள் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக வெளிவிடுகின்றன. 2009இல் வந்த ஐஎஸ்ஓ 13655 தரநிலை, எம்0, எம்1, எம்2 என்று அளவீட்டு நிலைமைகளைப் பிரித்துக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்: எம்1 என்பது புற ஊதாவும் அடங்கிய, டி50 எனப்படும் தரப்படுத்திய பகலொளி, எம்2 என்பது புற ஊதாவை வெட்டியது. புற ஊதா உள்ள ஒளியில் அளந்தால் தாள் நீலமாகப் பதிவாகும், ப்ரொஃபைல் அதை ஈடுகட்ட இளஞ்சாம்பல்களில் மஞ்சளைச் சேர்க்கும். புற ஊதா அநேகமாக இல்லாத வீட்டு எல்இடி விளக்கில் அந்த மஞ்சள் அப்பட்டமாகத் தெரியும். கலர்மங்கியின் விளக்கே வெள்ளை எல்இடி என்பதால் இந்தத் தொல்லை எனக்குக் குறைவு, ஆனால் ஒளிர்வூக்கியின் விளைவைக் கணக்கிட்டுத் திருத்தும் வசதியும் அதனால் இல்லை. ஒளிர்வூக்கி குறைந்த தாளை வாங்குவதே எளிய வழி.

காஞ்சிபுரம் பட்டின் அடர்நீலம் அச்சில் ஊதாவாகிறது என்ற புகார் மட்டும், உண்மையிலேயே ப்ரொஃபைலைச் சேர்ந்தது. ப்ரொஃபைல்கள் நிறத்தை எண்களாகக் குறிக்கப் பயன்படுத்தும் லேப் நிறவெளியின் நீலப் பகுதி, கண் உணரும் சாயலோடு ஒத்துப்போவதில்லை. அச்சின் எல்லைக்கு வெளியே உள்ள நீலத்தின் செறிவை அந்த வெளியில் நேர்கோட்டில் குறைத்தால், அது ஊதாவை நோக்கிச் சாயும். ஆர்கில் இந்தக் கணக்கைக் கண் நிறத்தை உணரும் விதத்தை விவரிக்கும் சிஐஇகாம்02 மாதிரியில் செய்வதால் சாய்வு பெரிதும் தணிகிறது. ஆனால் ப்ரொஃபைலை உருவாக்கும் கால்ப்ராஃப் கட்டளைக்கு, படங்களின் நிறவெளியான அடோபி ஆர்ஜிபி போன்ற மூல ப்ரொஃபைல் ஒன்றைச் சிறிய அல்லது பெரிய எஸ் விருப்பத்தோடு கொடுத்தால்தான் தனியான பெர்செப்சுவல் அட்டவணை (எல்லைக்கு வெளியே உள்ள நிறங்களை மற்றவற்றோடு சேர்த்துச் சுருக்கும் முறை) உருவாகும். கொடுக்காவிட்டால் பெர்செப்சுவலைத் தேர்ந்தெடுத்தாலும் எல்லைக்கு வெளியே உள்ளவற்றை மட்டும் வெட்டும் ரிலேட்டிவ் முறை போலவே அச்சாகும், ஏன் எந்த மாற்றமும் இல்லை என்று நாம் தலையைச் சொறிந்துகொண்டிருப்போம்.

புதிய ப்ரொஃபைலை நிறுவிய பின்னும் பழைய நிறமே வந்தால், பெயரைப் பாருங்கள். ஃபோட்டோஷாப் பட்டியலில் தெரிவது கோப்பின் பெயரன்று, ப்ரொஃபைலுக்குள் எழுதப்பட்ட விவரணை. கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் ஒரே விவரணையில் இரண்டு நிற்கும். தாள், தாள் வகை, மாதம் ஆகியவற்றை உள்விவரணையிலேயே எழுதுவது என் வழக்கம்.

படங்கள் எல்லாமே இருட்டாக வருகின்றன என்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் திரையின் மிகையான வெளிச்சம். திரையின் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 காண்டெலாவுக்குள் அளவுசெய்துவிட்டு, நல்ல ஒளியில் அச்சைப் பிடித்துப் பார்த்தால் பாதிப் புகார்கள் கரைந்துவிடும். ஐஎஸ்ஓ 3664 தரநிலை, நுணுக்க ஒப்பீட்டுக்கு டி50 ஒளியில் 2000 லக்ஸும், சாதாரண மதிப்பீட்டுக்கு 500 லக்ஸும் கேட்கிறது. கடை டியூப்லைட்டின் கீழ் நின்று நிறத்தைப் பற்றி விவாதிப்பதில் பயனில்லை.

கலர்மங்கி ஃபோட்டோ இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. 2021இல் அந்த வரிசை காலிபிரைட் நிறுவனத்தின் பெயரில், கலர்செக்கர் ஸ்டுடியோ என்று வந்தது. ஒரே தாள், ஒரே இங்க் என்று இருப்பவருக்கு இந்த முதலீடு அநாவசியம். சார்ட்டை அச்சிட்டு அனுப்பி வெளியே ஒருமுறை ப்ரொஃபைல் செய்துகொள்வது மலிவு. தாள்களை அடிக்கடி மாற்றுவோருக்கும், இங்க் பாட்டிலின் புதிய தொகுதி வரும்போதெல்லாம் சரிபார்க்க விரும்புவோருக்கும் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.