நாமே செதுக்கிய லினக்ஸ் கெர்னலோடு பல வருடம் ஓட்டிய அனுபவம்

எம்பெடட் போர்டுக்கு (சாதனத்துக்குள் உட்காரும் சின்னக் கணினிப் பலகைக்கு) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எப்படிக் கம்பைல் செய்வது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படிச் செய்ததை வருடக்கணக்கில் கட்டி மேய்ப்பது எப்படி இருக்கும் என்று எழுதுபவர்கள் குறைவு, அதனால்தான் இது. நான் 32-பிட் ஏஆர்எம் பிராசசரில் தொடங்கி இப்போது 64-பிட் வரை வந்திருக்கிறேன், பெரும்பாலும் பில்ட்ரூட், சில இடங்களில் யோக்டோ, இரண்டுமே இப்படிப்பட்ட சாதனத்துக்கான லினக்ஸை முழுதாகக் கட்டித்தரும் கருவிகள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கெர்னலைச் சிறிதாக்குவதில் வரும் லாபம் நாம் நினைப்பதைவிடக் குறைவு, மெயின்லைனை, அதாவது லினக்ஸ் குழு வெளியிடும் மூலக் கெர்னலை, விட்டு விலகிப் போனதற்குக் கட்டும் வட்டி நினைப்பதைவிட அதிகம்.

எல்லாரும் சைஸில்தான் ஆரம்பிப்பார்கள், நானும் அப்படித்தான். 16 எம்பி எஸ்பிஐ ஃபிளாஷில் கெர்னல், ரூட் ஃபைல்சிஸ்டம், செட்டிங்ஸ் எல்லாம் அடங்க வேண்டும் என்றால் வேறு வழியும் இல்லை. டைனிகான்ஃபிக் என்ற மிகச் சிறிய கான்ஃபிகில் (ஆப்ஷன் தொகுப்பில்) இருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து மேலே ஏறலாம், அல்லது சிப் குடும்பத்துக்கென்று தயாராக வரும் டெஃப்கான்ஃபிகில் இருந்து கழித்துக்கொண்டே இறங்கலாம். டைனிகான்ஃபிகில் கெர்னல் செய்தி அச்சிடும் பிரிண்ட்-கே கூட அணைந்திருக்கும், கன்சோலுக்கு வேண்டிய டிடிஒய் இருக்காது, சீரியல் கன்சோலில் ஒரு எழுத்து வராது, போர்டு ஓடுகிறதா செத்துக் கிடக்கிறதா என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இறங்குவதுதான் எனக்குச் சரிப்பட்டது. நம்மிடம் இல்லாத சிப்புகளின் டிரைவர்கள், பயன்படுத்தாத ஃபைல்சிஸ்டங்கள், சவுண்ட், கிராஃபிக்ஸ், யாரும் தொடாத நெட்வொர்க் புரோட்டோகால்கள், இவற்றை எடுத்தாலே பெரிய எடை இறங்கிவிடும். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் கிடைப்பது சில கேபிதான். அந்தச் சில கேபிக்காக ஒரு நாள் முழுக்க மெனுகான்ஃபிக் என்ற ஆப்ஷன் பட்டியலில் தலையை விட்டுக்கொண்டிருப்போம், கெர்னலுக்கு வெளியே, யூசர்ஸ்பேஸில், ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகம் மட்டும் சில எம்பி எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். அங்கே கை வைத்திருந்தால் அரை மணி நேர வேலை.

இதில் ஒரு தவறான பழக்கம் உண்டு, இடம் மிச்சம் பிடிப்பதாக நினைத்து டீபக் இன்ஃபோவை (பிழை தேட உதவும் தகவலை) அணைப்பது. அது கம்பைல் செய்த கணினியில் தங்கும் விஎம்லினக்ஸ் ஃபைலைத்தான் வீங்க வைக்கும், ஃபிளாஷில் போகும் இமேஜில் அது வரவே வராது. கால்சிம்ஸ் என்ற ஃபங்ஷன் பெயர்ப் பட்டியல் அப்படியில்லை, அது உண்மையிலேயே சில நூறு கேபி எடுக்கும், ஆனாலும் நான் விட்டுவைக்கிறேன். அதை எடுத்துவிட்டால் ஊப்ஸ் (கெர்னலின் பிழை அறிக்கை) வரும்போது ஃபங்ஷன் பெயர்களுக்குப் பதில் வெறும் ஹெக்ஸ் எண்களாகக் கொட்டும். அதேபோல ஐகே-கான்ஃபிக்கும் எனக்குக் கட்டாயம், ஓடுகிற சாதனத்திலேயே ப்ராக் (/proc) அடைவுக்குள் போய் எந்த கான்ஃபிகில் கட்டியது என்று பார்த்துவிடலாம்.

பூட் நேரத்தில் லாபம் பார்த்த கதை வேறு. இங்கே பெரிய வெற்றி கெர்னலைச் செதுக்கி வரவில்லை, கெர்னல் கமாண்ட் லைனில் 'கொயட்' என்று ஒரு வார்த்தை சேர்த்ததில் வந்தது, பூட் செய்திகளைக் கன்சோலில் காட்டாமல் அது அடக்கிவிடும். சிரிக்காதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். சீரியல் போர்ட் 115200 பாட், ஒரு எழுத்துக்கு 10 பிட், அதாவது விநாடிக்கு 11,520 எழுத்துகள். பூட் லாக் 20 கேபி இருந்தால் அதை வெளியே தள்ளவே ஒன்றே முக்கால் விநாடி போய்விடும். அதற்கப்புறம்தான் இனிட்கால்-டீபக் போட்டு எந்த டிரைவர் எவ்வளவு நேரம் தின்கிறது என்று பார்ப்பதில் அர்த்தம் உண்டு. கம்ப்ரெஷனும் அப்படித்தான்: எக்ஸ்இசட் இமேஜைச் சிறிதாக்கும், விரிக்க நேரம் எடுக்கும், எல்இசட்4 கொஞ்சம் பெரிது, ஆனால் சட்டென்று விரியும். ஃபிளாஷ் மெதுவாக இருந்தால் பெரிய இமேஜைப் படிக்கும் நேரம் அந்த லாபத்தைத் தின்றுவிடும், அதனால் நம் போர்டில் அளந்து பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

போர்டில் என்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ பற்றி மட்டும் தனியாகவே எழுதலாம். ஒரு போர்டில் பூட்லோடர் (கெர்னலை ஏற்றிவிடும் நிரல்) திரையில் லோகோ காட்டும், கெர்னல் எழுந்து பாதி தூரம் வரும், திடீரென்று திரை கறுத்துவிடும். லாகில் எர்ரர் எதுவும் இல்லை. ஆனால் திரை போகும் நேரத்தில் ஒரு வரி இருக்கும், பயன்படாத கிளாக்குகளை (சிப்பின் பகுதிகளை ஓட்டும் துடிப்புகளை) அணைக்கிறேன் என்று. பூட்லோடர் டிஸ்ப்ளேவுக்கான கிளாக்கை ஆன் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது, கெர்னலில் அதை யாரும் கேட்டு வாங்கவில்லை, எனவே பூட்டின் கடைசியில் கெர்னல் அதைச் சமர்த்தாக அணைத்துவிடுகிறது. கமாண்ட் லைனில் 'சிஎல்கே இக்னோர் அன்யூஸ்ட்' சேர்த்ததும் படம் நின்றது, அதாவது காரணம் கையில் கிடைத்துவிட்டது. பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள், பேட்டரியில் ஓடும் சாதனத்தில் அப்படி விட்டால் தேவையில்லாத கிளாக்குகளும் சேர்ந்து ஓடி மின்சாரத்தைக் குடிக்கும். டிவைஸ் ட்ரீயின் சிம்பிள்-ஃபிரேம்பஃபர் நோடில் அந்த கிளாக்கைக் குறிப்பிடுவதுதான் சரியான தீர்வு, ஒரே வரி. கெர்னல் சி கோடில் எதையும் தொடவில்லை. நான் பார்த்த தனிப்பயனாக்க வேலைகளில் பெரும்பகுதி இப்படித்தான், கான்ஃபிகிலும் டிவைஸ் ட்ரீயிலும் முடிந்துவிடும்.

இனி வட்டிக் கணக்கு. ஒரு சிப் தயாரிப்பாளர் தந்த கெர்னலில் ஒரு ப்ராஜெக்ட் ஓட்ட வேண்டியிருந்தது, பெயர் வேண்டாம். பழைய வெர்ஷன், அதன் மேல் அவர்கள் செய்த மாற்றம் முழுவதும் ஒரே கமிட்டாக (ஒரே பதிவாக), என்ன எதற்கு என்று ஒரு விளக்கமும் இல்லாமல். முதல் வாரம் எல்லாம் அருமையாக ஓடியது, வைஃபை, கேமரா, வீடியோ டீகோடர் எல்லாம். பாதுகாப்புத் திருத்தம் ஒன்றைக் கொண்டுவரப் போனபோதுதான் தெரிந்தது, பேட்ச் (திருத்தக் கோப்பு) எங்குமே ஒட்டவில்லை, ஏனென்றால் அந்த ஃபைலையே அவர்கள் தலைகீழாக மாற்றி வைத்திருந்தார்கள். 2024 பிப்ரவரியில் கெர்னல் குழுவே சிவிஇ எண்களை (பாதுகாப்புக் குறைகளுக்கான அடையாள எண்களை)த் தரத் தொடங்கியதிலிருந்து வரும் சிவிஇ-களின் எண்ணிக்கையைப் பார்த்தால், இந்த மாதிரிக் கெர்னலில் ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டுவது நடக்காத காரியம். எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால வெர்ஷன்களின் ஆதரவுக் காலத்தையும் 2023-இல் ஆறு வருடத்திலிருந்து இரண்டாகக் குறைப்பதாக அறிவித்தார்கள், சில வெர்ஷன்களுக்கு மட்டும் அதைத் தாண்டிக் கிடைக்கிறது. பத்து வருடம் வேண்டுமென்றால் கெர்னலை நீண்டகாலம் பராமரிக்கும் சிஐபி திட்டத்தின் பக்கம் பார்க்கலாம். எப்படியும் வெர்ஷன் ஏற்றியே ஆக வேண்டும், அப்போது நாம் சேர்த்துவைத்த பேட்ச் ஒவ்வொன்றும் வாசலில் வந்து நிற்கும்.

வெர்ஷன் ஏற்றும்போது பேட்ச்களைவிட எரிச்சல் தருவது கான்ஃபிக், சத்தமே இல்லாமல் மாறும். பழைய கான்ஃபிகைப் போட்டு, அதைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றித்தரும் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்கை ஓட்டினால், இல்லாமல் போன ஆப்ஷன்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் காணாமல் போகும். நினைவகம் குறைந்த சாதனங்களுக்கு எல்லாரும் போட்டுவைத்திருந்த ஸ்லாப் அலகேட்டர் (கெர்னலுக்குள் நினைவகத்தைப் பிரித்துத் தருவது), அதாவது 'ஓ' போட்ட எஸ்எல்ஓபி, 6.4-இல் நீக்கப்பட்டது, இப்போது அந்த இடத்தில் ஸ்லப்-டைனி. கான்ஃபிகைச் சின்னச் சின்ன ஃபிராக்மென்ட்களாக வைத்து மெர்ஜ்-கான்ஃபிக் ஸ்கிரிப்ட் வழியாகச் சேர்த்தால், கேட்டது இறுதி கான்ஃபிகில் இல்லை என்று அதுவே எச்சரிக்கும். நாங்கள் அந்த எச்சரிக்கை வந்தாலே பில்ட் நின்றுவிடும்படி வைத்துவிட்டோம்.

நல்ல செய்தியும் உண்டு. நான் சுமந்ததிலேயே பெரிய பேட்ச் தொகுப்பு ப்ரீஎம்ப்ட்-ஆர்டி, நிகழ்நேர வேலைகளுக்கு வேண்டியது. 2024-இல் வந்த 6.12-இல் அது மெயின்லைனுக்குள் வந்துவிட்டது, எக்ஸ்86, 64-பிட் ஏஆர்எம், ரிஸ்க்-ஃபைவ் எல்லாவற்றுக்கும் இப்போது அது மெனுகான்ஃபிகில் ஒரு டிக். அந்த வெர்ஷனில் 32-பிட் ஏஆர்எம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதுதான் பழைய போர்டு வைத்திருப்பவர்களுக்கு வருத்தம். 32-பிட் என்றதும் இன்னொன்று: 2038 பிரச்சினைக்கு (32-பிட் நேரக் கணக்கு அந்த வருடம் நிரம்பி வழிவதற்கு) கெர்னல் 5.6-ஆவது இருக்க வேண்டும், சி நூலகமும் 64-பிட் நேரத்தோடு கட்டியிருக்க வேண்டும், மஸ்ல் என்றால் 1.2, ஜிலிப்சி என்றால் 2.34 முதல். பத்துப் பதினைந்து வருடம் ஓடப்போகும் சாதனம் என்றால் இப்போதே பாருங்கள்.

சிறிதாக்கும் வெறியில் எடுத்துவிடக் கூடாத ஒன்று பிஸ்டோர், அதோடு ராம்ஊப்ஸ். டிவைஸ் ட்ரீயில் கொஞ்சம் ராமை ஒதுக்கி வைத்தால், கெர்னல் பானிக் ஆகி ரீபூட் ஆன பிறகும் கடைசி லாக் அங்கே இருக்கும், பூட்லோடர் அந்த இடத்தை அழிக்காமல் இருந்தால் சரி. கண்ணுக்கு எட்டாத இடத்தில் நிற்கும் சாதனம் நடுராத்திரியில் ஏன் ரீபூட் ஆனது என்று தெரிந்துகொள்ள எனக்கு இதைவிட உருப்படியான வழி கிடைக்கவில்லை.

யாருக்கு இது வேண்டும் என்று கேட்டால்: ஃபிளாஷ் சிறிது, பூட் நேரத்துக்குக் கெடு உண்டு, அல்லது தாக்குதல் பரப்பைக் குறைக்க வேண்டும் என்றால் தாராளமாகச் செதுக்குங்கள். பல ஜிபி இஎம்எம்சி சேமிப்பு உள்ள போர்டில் சைஸுக்காக மட்டும் செய்யாதீர்கள், டிஸ்ட்ரோ தரும் கெர்னலோடு உங்கள் டிடிபி (கம்பைல் செய்த டிவைஸ் ட்ரீ) ஒன்றே போதும். சில நூறு கேபி ராம்தான் இருக்கிறது என்றால் லினக்ஸை அதற்குள் திணிக்கப் பார்ப்பதைவிட ஜெஃபிர் என்ற சின்ன ஓஎஸ்ஸை எடுத்துக்கொள்வது நல்லது. நடுவில் இருப்பவர்கள் பேட்ச் எழுதுமுன் ஒருமுறை லேட்டஸ்ட் மெயின்லைனை அந்த போர்டில் அப்படியே பூட் செய்து பாருங்கள், பாதிப் பேருக்கு அந்த பேட்ச் தேவைப்படாமலே போகும்.