வெளிச்சுவர் துருக்கறை: ஆறு வருடத்தில் எது நின்றது, எது நிற்கவில்லை

எங்கள் வீடு திருவான்மியூரில், கடலுக்கு நடந்தே போகும் தூரத்தில். 2018 கோடையில் வெளிச்சுவருக்கு வெள்ளை எமல்ஷன் அடித்தோம். அந்த ஐப்பசி மழை முடிவதற்குள் எல்லா ஜன்னல் கிரில்லுக்குக் கீழேயும் பழுப்புக் கோடு இறங்கிவிட்டது. பெயிண்டர் வந்து கறை மேலேயே இரண்டு கோட் அடித்துவிட்டுப் போனார். மூன்றே வாரத்தில் மறுபடி தெரிந்தது. எமல்ஷனில் இருக்கும் தண்ணீரே அடியில் உள்ள கறையைக் கரைத்து மேலே கொண்டுவந்துவிடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பிளீச்சிங் பவுடரும் போட்டுப் பார்த்தேன். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அது பாசிக்குத்தான் சரி. துரு போகாது, பக்கத்தில் உள்ள இரும்பும் அரிக்கும். பாத்ரூம் ஆசிட் சிமென்ட் பூச்சையே தின்றுவிடும். கறையை எடுத்தது ஆக்சாலிக் ஆசிட்தான். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் அளவு கரைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். இது விஷம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். முதலில் ஒரு மூலையில் தடவி, பெயிண்ட் நிறம் மங்குகிறதா என்று பாருங்கள்.

ஆனால் கறை சுவரில் தெரிந்தாலும் நோய் இரும்பில்தான். 2019 கோடையில் கிரில்லைக் கம்பி பிரஷால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டோம். கடற்காற்றின் உப்பு ஒட்டியிருந்தால் எந்த பிரைமரும் (அடிப்பூச்சும்) நிற்காது. அப்புறம் எபாக்ஸி சிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கோட், மேலே எனாமல். முன்பு வெறும் ரெட் ஆக்சைடு பிரைமரை அடித்து, எனாமல் போடாமல் மாதக்கணக்கில் விட்டிருந்தோம்; பெரிய தவறு அதுதான். கம்பி சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் தண்ணீர் தங்குகிறது. அங்கே இடுக்கை அடைக்கும் பாலியூரிதேன் சீலன்ட் வைத்தேன். கொடிக் கொக்கிகளுக்கும் ஏசி ஸ்டாண்டுக்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் மாற்றினேன். வழக்கமான 304 ரகத்தைவிட விலை கூடுதல். கடற்காற்றுக்கு அதுதான் தாங்குகிறது.

கிரில்கள் இன்றும் நன்றாக இருக்கின்றன. சீலன்ட் மட்டும் 2023-இல் இரண்டு இடத்தில் வெடித்தது, சுரண்டிவிட்டு மறுபடி வைத்தேன். சன்ஷேடு அடியில் வந்த கறை வேறு கதை. விரிசலோடு வந்தால் உள்ளே கான்கிரீட் கம்பியே துருப்பிடிக்கிறது என்று அர்த்தம், பெயிண்ட் உதவாது. கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து பிரைமர் அடித்து, பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவை பூச வேண்டியிருந்தது. மாடிப்பக்கக் கிரில்லில் போன வாரம் ஒரு சின்னக் கொப்புளம் பார்த்தேன். மழைக்கு முன்னால் அதைச் சுரண்டி பிரைமர் அடிக்க வேண்டும்.